கையைத் தூக்கியாயிற்று, இனி ராஜினாமாதானா?

கேள்வி: ஐயா, எனக்கு 39 வயது. தூத்துக்குடி மாவட்டத்தில் ஒரு வட்டாட்சியர் அலுவலகத்தில் உதவியாளராக இருக்கிறேன். ஜனவரியில் நடந்த கன்வென்ஷன் கூட்டத்தில், "இனி எனக்காக வாழமாட்டேன், கிறிஸ்துவுக்காகவே வாழ்வேன்" என்று கை உயர்த்தி, முன்னால் போய் முழங்கால்படியிட்டு ஒப்புக்கொடுத்தேன். தலையில் கை வைத்து ஜெபித்த ஊழியக்காரர், "உலக வேலையை விட்டுவிட்டு முழுநேர ஊழியத்துக்கு வா, மார்ச்சுக்குள் தீர்மானம் எடு" என்றார். அன்றிலிருந்து தூக்கம் இல்லை. சாயங்காலம் ஷட்டில் விளையாடுவதை நிறுத்திவிட்டேன். பிள்ளைகளோடு உட்கார்ந்து டிவி பார்ப்பதில்லை. மனைவி தனியார் பள்ளியில் ஆசிரியை, சம்பளம் குறைவு. கூட்டுறவு சங்கக் கடன் இருக்கிறது. அம்மா பக்கவாதம் வந்து படுக்கையில் இருக்கிறார்கள், மனைவிதான் பார்த்துக்கொள்கிறாள். ராஜினாமா என்று சொன்னாலே அழுகிறாள். அது விசுவாசக் குறைவு என்கிறார் ஊழியக்காரர். அப்பா எங்கள் எட்டு சென்ட் வீட்டை என் பேருக்கு செட்டில்மெண்ட் எழுதியதால் அக்கா ஆறு வருஷமாகப் பேசுவதில்லை, அது தனி விஷயம். பொருத்தனை (கர்த்தருக்குக் கொடுக்கிற வாக்கு) பண்ணினால் அதைச் செலுத்தத் தாமதியாதே என்று பிரசங்கி 5:4 சொல்கிறதே, நான் கர்த்தரை ஏமாற்றிக்கொண்டிருக்கிறேனா? (பெயர் வேண்டாம்)

அன்புள்ள தம்பிக்கு,

முதல் வேலையாக மார்ச் மாதத்தை மனதிலிருந்து எடுத்துவிடுங்கள். கர்த்தர் உங்களுக்குக் கெடு வைத்ததாக உங்கள் கடிதத்தில் எங்கும் இல்லை. கெடு வைத்தவர் அந்த ஊழியக்காரர். அவரை நான் குறை சொல்லவில்லை. கூட்டத்தின் கடைசி ஜெபத்தில் நானும் இப்படி அவசரமாகப் பேசியிருக்கிறேன். ஆனால் நீங்கள் சொன்னது ஒரு வாக்கியம், அவர் சொன்னது இன்னொரு வாக்கியம். "இனி எனக்காக வாழமாட்டேன்" என்றது நீங்கள். "வேலையை விடு" என்றது அவர். பிரசங்கி புத்தகம் கேட்பது உங்கள் வாயிலிருந்து வந்ததை. அதை நீங்கள் செலுத்தித்தான் ஆக வேண்டும், அதில் உங்களுக்குச் சலுகை வாங்கித் தர நான் இதை எழுதவில்லை. சொல்லப்போனால், ராஜினாமா அதைவிட மலிவு.

பொருத்தனை என்றதும் எனக்கு யெப்தாதான் நினைவுக்கு வருகிறான். நியாயாதிபதிகள் 11ஆம் அதிகாரம். யுத்தத்தில் ஜெயித்து வந்தால் வீட்டு வாசலிலிருந்து எதிர்கொண்டு வருவதைப் பலியிடுவேன் என்று சொல்லிவிட்டுப் போகிறான். தம்புரு வாசித்து ஆடிக்கொண்டு வந்தது அவனுடைய ஒரே மகள். பொருத்தனை பண்ணியது அப்பா, செலுத்தியது அந்தப் பெண். உங்கள் வீட்டில் நீங்கள் ராஜினாமா எழுதினால் அதைச் செலுத்தப்போவது யார் என்று கொஞ்சம் பாருங்கள். பள்ளிக்கூடம் போய்விட்டு வந்து மாமியாரைப் புரட்டிப் போட்டுத் துடைக்கிற உங்கள் மனைவி. அவருடைய அழுகையை விசுவாசக் குறைவு என்று ஒதுக்காதீர்கள். அந்த வீட்டின் வரவு செலவு அவருக்குத்தான் தெரியும். "ஒருவன் தன் சொந்த ஜனங்களையும், விசேஷமாகத் தன் வீட்டாரையும் விசாரியாமற்போனால், அவன் விசுவாசத்தை மறுதலித்தவன்" என்று தீமோத்தேயுவுக்கு எழுதினாரே அப்போஸ்தலனாகிய பவுல்.

சரி, நீங்கள் கை தூக்கிய அந்த வாக்கியம் எங்கிருந்து வருகிறது? 2 கொரிந்தியர் 5:15. "பிழைத்திருக்கிறவர்கள் இனித் தங்களுக்கென்று பிழைத்திராமல், தங்களுக்காக மரித்து எழுந்தவருக்கென்று பிழைத்திருக்கும்படி" என்று வரும். இதை வாசிக்கும்போது இரண்டு விஷயங்களைக் கவனியுங்கள். ஒன்று, 'பிழைத்திருக்கிறவர்கள்' என்றுதான் இருக்கிறது. ஐயர்மார் என்று நாம் சொல்லுகிற குருமார், உபதேசியார், மிஷனெரி என்று பிரித்துச் சொல்லவில்லை. கொரிந்து ஒரு துறைமுகப் பட்டணம். அந்தச் சபையில் அடிமைகள் இருந்தார்கள். ஏரஸ்து என்ற பட்டணத்து உக்கிராணக்காரனை ரோமர் நிருபத்தின் கடைசி அதிகாரத்தில் பார்க்கிறோம், அவனும் அரசாங்க உத்தியோகஸ்தன்தான். ஒரு அடிமை எந்த வேலையை ராஜினாமா செய்வான்? அவனுக்கும் சேர்த்துத்தான் இந்த வசனம்.

இன்னொன்று எனக்கு ரொம்பப் பிடித்தது. அதே கொரிந்து பட்டணத்தில் பவுல் ஒன்றரை வருஷம் தங்கியிருந்தபோது என்ன செய்தார்? ஆக்கில்லா, பிரிஸ்கில்லாள் வீட்டில் தங்கி, கூடாரம் பண்ணுகிற தொழில் செய்தார். அப்போஸ்தலர் 18இல் இருக்கிறது. 'தங்களுக்கென்று பிழைத்திராமல்' என்ற கடிதத்தைக் கையில் வாங்கிய கொரிந்து சபைக்கு, அதை எழுதியவர் ஊசியும் தோலுமாக உட்கார்ந்திருந்த கோலம் மறந்திருக்காது. முழுநேரம், பகுதிநேரம் என்ற நம்முடைய பாகுபாட்டை அவரிடம் சொன்னால் முழிப்பார் என்று நினைக்கிறேன்.

உங்கள் நிலைமையில் இருந்த ஒருவரைப் பற்றிச் சொல்கிறேன். 1785 டிசம்பரில் வில்லியம் வில்பர்ஃபோர்ஸ் என்ற 26 வயது இளைஞர் லண்டனில் ஒரு வயதான குருவானவரைப் பார்க்கப் போனார். இளைஞர் பாராளுமன்ற உறுப்பினர், பிரதமர் பிட்டின் நெருங்கிய நண்பர். அந்த வருஷம்தான் அவருக்கு விசுவாசம் உயிர்பெற்றிருந்தது. இனி அரசியல் எதற்கு, ஒதுங்கிவிடலாமா என்ற குழப்பம். வெளியில் தெரிந்தால் சிரிப்பார்கள் என்ற வெட்கத்தில், குருவானவர் வீடு இருந்த சதுக்கத்தை ஒன்றிரண்டு முறை சுற்றி நடந்துவிட்டுத்தான் கதவைத் தட்டினார். குருவானவர் ஜான் நியூட்டன். அவர் ஒரு காலத்தில் அடிமைக் கப்பல் தலைவராக இருந்தவர். அப்படிப்பட்டவர், 'எல்லாவற்றையும் விட்டுவிட்டு வா' என்று சொல்லியிருந்தால் யாரும் ஆச்சரியப்பட்டிருக்க மாட்டார்கள். இருக்கிற இடத்திலேயே இரு என்றார். 22 வருஷம் கழித்து, 1807இல், பிரிட்டிஷ் பாராளுமன்றம் அடிமை வியாபாரத்தைத் தடைசெய்தது. அதற்காக வருஷாவருஷம் தீர்மானம் கொண்டுவந்து தோற்றுக்கொண்டிருந்தவர் அந்த இளைஞர்தான். நீங்கள் வில்பர்ஃபோர்ஸ் ஆகிவிடுவீர்கள் என்று சொல்ல வரவில்லை. வட்டாட்சியர் அலுவலகத்தில் அவ்வளவு வசதி கிடையாது. நியூட்டன் அன்று அவரை எழுப்பி அனுப்பிய விதத்துக்காகச் சொன்னேன்.

வேலையை விட்டு வருகிறவர்களே தப்பு என்றும் நினைத்துவிடாதீர்கள். உங்கள் ஊருக்கு அதிக தூரமில்லாத வெள்ளாளன்விளையில் 1874இல் பிறந்த அசரியா பேராயரை எடுத்துக்கொள்ளுங்கள். ஒய்.எம்.சி.ஏ. என்ற கிறிஸ்தவ வாலிபர் சங்கத்தில் செயலராக இருந்தவர். 1903இல் பாளையங்கோட்டையில் இந்திய மிஷனெரி சங்கத்தைத் தொடங்கக் காரணமாக இருந்தார். ஆனால் அவரே அந்த வேலையை விட்டு மிஷனெரியாகத் தெலுங்குப் பகுதியிலுள்ள தோர்ணக்கல் போனது 1909இல். நடுவில் ஆறு வருஷம். 1912இல் அங்கே பேராயரானார். அழைப்பு உண்மையாக இருந்தால் அது ஆறு வருஷம் காத்திருக்கும், கூட இருக்கிறவர்களும் அதை அடையாளம் கண்டுகொள்வார்கள். இரண்டு மாதத்தில் காலாவதியாகிற அழைப்பை எனக்குத் தெரியாது.

இனி ஷட்டில். தயவுசெய்து நாளைக்கே மட்டையை எடுங்கள். "தன்னைத்தான் வெறுத்து, தன் சிலுவையை அனுதினமும் எடுத்துக்கொண்டு" என்ற லூக்கா 9:23 உங்கள் மனதில் ஓடுகிறது என்று தெரிகிறது. நம்முடைய பழைய மொழிபெயர்ப்பில் 'வெறுத்து' என்று விழுந்துவிட்டது. அதனால் நம் ஆட்கள் நிறைய பேர் தனக்குப் பிடித்ததையெல்லாம் வரிசையாக நிறுத்திக்கொண்டு போனால் சிலுவை சுமந்தாயிற்று என்று எண்ணிக்கொள்கிறார்கள். கிரேக்க மூலத்தில் அங்கே இருக்கும் சொல்லுக்கு 'மறுதலிப்பது' என்று பொருள். பேதுரு குளிர்காய்ந்துகொண்டு, "அந்த மனுஷனை நான் அறியேன்" என்றானே, அதைச் சொல்லும் இடத்திலும் அதே சொல்தான். அன்றைக்கு அவன் இயேசுவைப் பற்றிச் சொன்னதை நான் என்னைப் பற்றிச் சொல்ல வேண்டும். 'எனக்கு மரியாதை தரவில்லை' என்று உள்ளே ஒருவன் குதிக்கும்போது, 'யாரப்பா நீ, உன்னை எனக்குத் தெரியாதே' என்று திரும்பிக்கொள்ள வேண்டும். இதற்கும் ஷட்டிலுக்கும் என்ன சம்பந்தம்? பிள்ளைகளோடு உட்காராமல் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருக்கிற அப்பாவின் உள்ளே அந்த 'நான்' இன்னும் கொழுத்துக்கொண்டுதான் இருப்பான். 'பார், நான் எவ்வளவு விட்டுவிட்டேன்' என்று அவனே கணக்கு எழுதுவான்.

இதைப் புத்தகத்தில் படித்துச் சொல்லவில்லை. குருப்பட்டம் பெற்ற புதிதில் எனக்குக் கொடுத்த சேகரத்தில் பதினொரு கிராமச் சபைகள். சைக்கிளில் அலைவேன். ஈஸ்டருக்கு முந்தின உபவாச நாட்களான ஒரு லெந்து காலத்தில் என் மூத்த மகளுக்கு நான்கு நாள் காய்ச்சல். நான் ஒவ்வொரு ராத்திரியும் ஒவ்வொரு ஊரில் பிரசங்கம். ஐந்தாம் நாள் வந்து நின்றபோது என் மனைவி ஒன்றும் பேசவில்லை, குழந்தையை என் கையில் கொடுத்துவிட்டுப் போய்ப் படுத்துக்கொண்டாள். அந்த நான்கு ஊர்க்காரர்களும், "ஐயருக்கு என்ன வைராக்கியம்!" என்று பேசிக்கொண்டதை நான் ரசித்தேன் என்பது எனக்குத் தெரியும். தனக்காக வாழ்வதற்கு ஊழியத்தைவிட வசதியான இடம் கிடையாது, தம்பி. அங்கியும் கிடைக்கும், மாலையும் கிடைக்கும், யாரும் கேள்வி கேட்கமாட்டார்கள். நீங்கள் வேலையை விட்டு வந்தாலும் அந்த 'நான்' உங்களுக்கு முன்னாலேயே வந்து மேடையில் உட்கார்ந்திருப்பான்.

உங்கள் மேஜையைப் பற்றி நீங்கள் ஒன்றும் எழுதவில்லை, அதனால் கேட்கிறேன். சாதிச் சான்று, வருமானச் சான்று, பட்டா மாறுதல், முதியோர் உதவித்தொகை, இதெல்லாம் உங்கள் அலுவலகம் வழியாகத்தானே போகிறது? மூன்றாவது தடவையாகக் கிழவி ஒருத்தி மஞ்சள் பையோடு வந்து நிற்கும்போது, அவளுடைய விண்ணப்பத்தில் எந்தத் தாள் குறைகிறது என்பதை முதல் தடவையே சேர்த்துச் சொல்லியிருக்கலாமே என்று தோன்றியதுண்டா? யோவான் ஸ்நானகனிடம், வரி வசூலிக்கிற ஆயக்காரர்கள் வந்து, "நாங்கள் என்ன செய்யவேண்டும்" என்று கேட்டார்கள். அவன் வனாந்தரத்தில் வெட்டுக்கிளி சாப்பிட்டுக்கொண்டிருந்தவன். 'விட்டுவிட்டு என்னோடு வாருங்கள்' என்று சொல்ல அவனுக்குத்தான் எல்லா உரிமையும் இருந்தது. "உங்களுக்குக் கட்டளையிட்டிருக்கிறதற்கு அதிகமாய் ஒன்றும் வாங்காதிருங்கள்" என்று மட்டும் சொன்னான். லூக்கா மூன்றாம் அதிகாரம். சேவகரிடமும் அப்படித்தான், சம்பளம் போதும் என்று இருங்கள் என்றான். உங்களிடம் அப்படி எதுவும் இல்லையென்றால் சந்தோஷம், கேட்டதற்கு மன்னியுங்கள். இருந்தால், அதை நிறுத்துகிற அன்றைக்கு உங்கள் அறையில் உங்களை எப்படிப் பார்ப்பார்கள் என்று எனக்குத் தெரியும். அந்த நாளுக்குக் கன்வென்ஷன் பந்தலில் முன்னால் நடந்துபோன தைரியத்தைவிடக் கூடுதலாக வேண்டும்.

இப்போது அக்கா.

நீங்கள் எழுதிய நான்கு பக்கக் கடிதத்தில் அக்காவுக்கு ஒரே வரி. அதிலும், 'அது தனி விஷயம்'. தம்பி, எனக்கென்னவோ அது ஒன்றுதான் விஷயம் என்று தோன்றுகிறது.

மலைப்பிரசங்கத்தில் ஒரு இடம். "நீ பலிபீடத்தினிடத்தில் உன் காணிக்கையைச் செலுத்தவந்து, உன்பேரில் உன் சகோதரனுக்குக் குறை உண்டென்று அங்கே நினைவுகூருவாயாகில்", காணிக்கையை அங்கேயே வைத்துவிட்டு முதலில் அவனிடம் போ. உனக்கு அவன்மேல் குறை இருந்தால் என்று இல்லை, நன்றாகப் பாருங்கள். அவனுக்கு உன்மேல். இந்த இடத்தில் நம் சபைகளில் ஒரு வழக்கமான விளக்கம் உண்டு: 'எனக்கு யார்மேலும் கசப்பு இல்லை ஐயா, அவள்தான் பேசமாட்டேன் என்கிறாள்.' ஆறு வருஷமாக நீங்களும் இதைத்தான் சொல்லிக்கொண்டிருப்பீர்கள். வீடு யாரிடம் இருக்கிறதோ அவருக்குக் கசப்பு இல்லாமல் இருப்பது கஷ்டமில்லையே.

பத்திரம் சட்டப்படி செல்லும் என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை. அப்பா சொந்தமாகச் சம்பாதித்துக் கட்டிய வீடாக இருந்தால் யாருக்கு வேண்டுமானாலும் எழுதலாம். ஆனால் ஒன்றை நினைத்துப் பாருங்கள். அப்பா எதையும் எழுதாமலே கண்ணை மூடியிருந்தால் நம்மைப் போன்ற கிறிஸ்தவக் குடும்பத்துக்கு 1925ஆம் வருஷத்து இந்திய வாரிசுரிமைச் சட்டம் வந்திருக்கும். அம்மாவுக்கு மூன்றில் ஒரு பங்கு, மீதி பிள்ளைகளுக்குச் சமமாக, ஆண் பெண் வித்தியாசம் இல்லாமல். நீங்கள் இரண்டு பேர்தான் என்றால், அம்மா, அக்கா, நீங்கள், ஆளுக்கு மூன்றில் ஒன்று. அந்தப் பத்திரம் இல்லாவிட்டால் அக்காவுக்கு நியாயமாகவே வந்திருக்கக்கூடியது அந்தப் பத்திரத்தினால் உங்களிடம் வந்திருக்கிறது. அவள் கோபம் காசு ஆசையினால் மட்டும் என்று சொல்லிவிட முடியாது. 'அப்பாவுக்கு நான் பிள்ளை இல்லையா' என்ற கேள்வி அதற்குள் இருக்கும். பெரும்பாலும் அதுதான் இருக்கும்.

'கல்யாணத்துக்கு நகை போட்டாயிற்றே' என்று யாராவது உங்கள் காதில் ஓதியிருப்பார்கள். அந்த நகையும் சீரும் யார் கைக்குப் போயிற்று, இன்றைக்கு அதில் அக்கா கழுத்தில் என்ன இருக்கிறது என்று நீங்களே கேட்டுப் பாருங்கள். என் அனுபவத்தில் பல வீடுகளில் அது மாப்பிள்ளையின் முதல் கடைக்கோ நாத்தனார் கல்யாணத்துக்கோ போய் முடிந்திருக்கும்.

2 கொரிந்தியர் ஐந்தாம் அதிகாரத்துக்குத் திரும்பி வாருங்கள். நீங்கள் கை தூக்கிய 15ஆம் வசனத்துக்கு மூன்று வசனம் தள்ளி, 18ஆம் வசனத்தில், நீங்கள் தேடிக்கொண்டிருக்கிற 'ஊழியம்' என்ற சொல்லே வருகிறது. 'ஒப்புரவாக்குதலின் ஊழியம்', அதாவது பிரிந்தவர்களைச் சேர்த்துவைக்கிற வேலை. தேவன் நம்மைத் தம்மோடு ஒப்புரவாக்கிவிட்டு இந்த ஊழியத்தை நம் கையில் ஒப்புக்கொடுத்தார் என்கிறார் பவுல். அந்த ஊழியத்துக்கு நீங்கள் மைக் வாங்க வேண்டாம், துண்டுப்பிரதி அச்சடிக்க வேண்டாம். அக்கா ஊருக்கு ஒரு பஸ் டிக்கெட் போதும்.

நீங்கள் கை தூக்கிய வசனத்துக்கு முந்தின 14ஆம் வசனத்தில் இன்னொன்று இருக்கிறது. "கிறிஸ்துவினுடைய அன்பு எங்களை நெருக்கி ஏவுகிறது." உங்களை இந்த இரண்டு மாதமாக நெருக்கிக்கொண்டிருப்பது பயம். தூக்கம் போனது அதனால்தான். நான் சொல்வதையும் பயந்துபோய்ச் செய்யாதீர்கள், அப்படிச் செய்தால் அக்கா வாசலில் நிற்கும்போதும் மூஞ்சி காட்டிக்கொடுத்துவிடும். உங்களுக்காக ஒருவர் ஏற்கெனவே மரித்து எழுந்திருக்கிறார், அந்தக் கணக்கில் நீங்கள் செலுத்த வேண்டியது பாக்கி எதுவும் இல்லை. கையில் இருக்கிற எட்டு சென்டை இறுக்கிப் பிடித்துக்கொண்டிருக்க வேண்டியதில்லை என்பது அதிலிருந்துதான் வர வேண்டும்.

போவதற்கு முன்னால் மனைவியிடம் பேசுங்கள். அவரும் அந்த வீட்டில்தான் இருக்கிறார், அவரைக் கேட்காமல் தியாகம் பண்ணாதீர்கள், யெப்தா கதை மறுபடி வந்துவிடும். என்ன கொடுக்க முடியும் என்று இரண்டு பேரும் உட்கார்ந்து பாருங்கள். இடத்தில் பங்கா, பணமாகத் தவணையிலா, அம்மா இருக்கும்வரை வீடு அப்படியே இருந்து அப்புறம் பாகமா, எதுவாக இருந்தாலும் ஒரு வக்கீலிடம் கேட்டு எழுத்தில் வையுங்கள். குடும்பத்துக்குள் எழுதிக்கொள்கிற பத்திரத்துக்கு முத்திரைக் கட்டணம் குறைவுதான். அக்காவின் பங்கை முழுசாகக் கொடுக்க வசதி இல்லாமல் போகலாம். அதையும் மறைக்காமல் அக்காவிடமே சொல்லுங்கள்.

அம்மா விஷயத்தில் ஒன்றே ஒன்று. ஞாயிற்றுக்கிழமை காலை ஆராதனைக்கு மனைவி முதலில் போகட்டும், அம்மாவை நீங்கள் துடைத்துச் சட்டை மாற்றுங்கள். டோனாவூரில் மிஷனெரியாக இருந்த ஏமி கார்மைக்கேல் 1931இல் கீழே விழுந்து, 1951இல் சாகும்வரை இருபது வருஷம் பெரும்பாலும் ஒரே அறையில் கிடந்தார். அத்தனை குழந்தைகளைக் கோவிலுக்கு நேர்ந்துவிடும் தேவதாசி வாழ்க்கையிலிருந்து காப்பாற்றி வளர்த்த அந்த அம்மாளை, அந்த இருபது வருஷம் யாரோ தினமும் புரட்டிப் படுக்க வைத்து, சோறு ஊட்டி, துணி மாற்றியிருக்கிறார்கள். அவர்கள் பெயர்கள் நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்?

அக்காவுக்குப் போன் பண்ண வேண்டாம், நேரில் போங்கள். சனிக்கிழமை போனால் அத்தானும் வீட்டில் இருப்பார். கன்வென்ஷனில் ஒப்புக்கொடுத்த கதையை அங்கே எடுக்காதீர்கள், உங்கள் சாட்சிக்காக அவளைப் பயன்படுத்துகிற மாதிரி ஆகிவிடும். அவள் கதவைத் திறக்காமல் போகலாம், திறந்து திட்டவும் செய்யலாம். ஆறு வருஷத்துத் திட்டு, கொஞ்சம் நீளமாகத்தான் இருக்கும். உட்கார்ந்து கேளுங்கள், இடையில் நகைக் கணக்கை எடுக்காதீர்கள்.

போய்விட்டு வந்து எனக்கு எழுதுங்கள். ராஜினாமா விஷயத்தை அதற்கப்புறம் பேசிக்கொள்ளலாம்.